பட்டப் படிப்பு முடிகிறது, அடுத்து முதுநிலையா? தமிழ்நாட்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிக்கும் பிள்ளைகளில் பலர், ஆறாம் பருவத் தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்த பிறகே முதுநிலைப் படிப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் ஐஐடிக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய நுழைவுத் தேர்வுகள் முடிந்துபோயிருக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் கால்வைத்த பிள்ளைகளுக்கே இந்த இழப்பு அதிகம் நேர்கிறது. திறமையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. நேரத்தோடு எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கலை, அறிவியல், வணிகம் படித்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பொறியியல் தேவையான இடத்தில் மட்டும் வரும்.

எனக்கு முதுநிலைப் படிப்பு தேவைதானா?

நீங்கள் எங்கே போக நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும், ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட குடிமைப் பணித் தேர்வுக்கும், வங்கி அதிகாரித் தேர்வுக்கும் இளநிலைப் பட்டம் போதும். முதுநிலை முடித்தால் இவற்றில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். கிடைக்காது. மேல்நிலைப் பள்ளி முதுநிலை ஆசிரியர், கல்லூரி ஆசிரியர், ஆய்வகப் பணி, உளவியல் ஆலோசகர், மருத்துவமனைச் சமூகப் பணியாளர் என்று போக விரும்புகிறவர்களுக்கு முதுநிலை இல்லாமல் வழியே இல்லை.

வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று சேருவது எல்லாவற்றிலும் பலவீனமான காரணம். இருபது, இருபத்தொரு வயதில் இரண்டு ஆண்டுகள் என்பது பெரிய முதலீடு. ஆனால் பாடம் பிடித்திருக்கிறது, இன்னும் ஆழமாகப் படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அந்த ஒன்றே போதுமான காரணம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் அதை ஒரு காரணமாகவே யாரும் ஏற்பதில்லை. இளநிலையில் ஆறு பருவங்களில் மேலோட்டமாகத் தொட்டுப்போன பாடம் தன் முழு உருவத்தைக் காட்டுவது முதுநிலையில்தான்.

எப்போது தொடங்க வேண்டும்?

மூன்றாம் ஆண்டு தொடங்கும் ஜூன் மாதத்தில். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

நாள்காட்டி ஏறக்குறைய இப்படி ஓடுகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் கேட் (GATE) தேர்வுக்கும், செப்டம்பர், அக்டோபரில் ஜாம் (JAM) தேர்வுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது நீங்கள் ஐந்தாம் பருவத்தில்தான் இருப்பீர்கள். இரண்டு தேர்வும் பிப்ரவரியில் நடக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் பி.ஜி. (CUET PG) விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் திறக்கிறது. தேர்வு அண்மை ஆண்டுகளில் மார்ச்சில் நடந்திருக்கிறது. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கான டான்செட் விண்ணப்பமும் புத்தாண்டை ஒட்டி வந்துவிடும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் நம் கல்லூரிகளில் ஏப்ரல் தேர்வு வருகிறது. மே, ஜூனில் அரசு கலைக் கல்லூரிகளும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் விண்ணப்பம் கொடுக்கின்றன. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு முன்பின் நகரும், வரிசை பெரிதாக மாறாது.

விண்ணப்பிக்கப் பட்டம் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தே பலர் காத்திருந்துவிடுகிறார்கள். இந்தத் தேர்வுகள் அனைத்திலும் இறுதியாண்டு மாணவர் விண்ணப்பிக்கலாம். தேர்ச்சிச் சான்றைச் சேர்க்கைக்குப் பிறகு, அவர்கள் குறிப்பிடும் தேதிக்குள் காட்டினால் போதும்.

ஜாம், கேட், கியூட், டான்செட்: எது யாருக்கு?

ஜாம் தேர்வு ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேருவதற்கு. இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல், பொருளாதாரம் என்று ஏழு தாள்கள் உண்டு. திருச்சி உள்ளிட்ட என்ஐடிகளின் எம்.எஸ்சி. இடங்களும் ஜாம் மதிப்பெண்ணை வைத்துத் தனிக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன.

ஐஐடி என்றதும் நம் பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஜாம் தாளின் பாடத்திட்டம் நீங்கள் பி.எஸ்சி.யில் படித்த பாடத்திட்டம்தான். கேட்கும் விதம்தான் வேறு. மூன்று மணி நேரத்தில் 60 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 30 கேள்விகளுக்கு நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தவறினால் மதிப்பெண் கழியும். 10 கேள்விகளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம்; சரியானவை எல்லாவற்றையும் குறித்தால்தான் மதிப்பெண், பாதி விடைக்குப் பாதி மதிப்பெண் கிடையாது. மீதி 20 கேள்விகளுக்குத் தெரிவுகளே இருக்காது. கணக்கைப் போட்டு, வந்த எண்ணைத் திரையில் உள்ளிட வேண்டும். தேற்றத்தை மனப்பாடம் செய்து பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய மாணவர் தடுமாறுவது இந்தக் கடைசிப் பகுதியில்தான். ஆறு மாதம் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால் இந்தத் தடுமாற்றம் போகும். வினாத்தாள்கள் தேர்வின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

கேட் தேர்வு பொறியாளர்களுக்கு மட்டும் என்பது பழைய கதை. 2021 முதல் அதில் மனிதவியல், சமூக அறிவியல் (Humanities and Social Sciences) தாள் இருக்கிறது. ஆங்கிலம், மொழியியல், தத்துவம், உளவியல், சமூகவியல் படித்தவர்கள் எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். பொறியியல் முடித்து, கேட் மதிப்பெண்ணோடு, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் (ஏஐசிடிஇ) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.இ., எம்.டெக். சேருகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு.

கியூட் பி.ஜி. 2022 முதல் நடக்கிறது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத், டெல்லி என்று பல மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இதுவே வாசல். 75 கேள்விகள், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். ஒரே தேர்வை எழுதி எத்தனையோ ஊர்களுக்கு முயலலாம் என்பதால், குறைந்த செலவில் அதிக வாய்ப்புத் தரும் தேர்வு இது. ஆனால் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் பிறகு தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு இதைச் செய்யாமல் இடத்தை இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

டான்செட் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது, எம்.பி.ஏ., எம்.சி.ஏ. இரண்டுக்கும் உரியது. எம்.இ., எம்.டெக்., எம்.ஆர்க். படிப்புகளுக்கு 2023 முதல் சீட்டா என்ற தனித் தேர்வு வந்துவிட்டது. எம்.சி.ஏ. மூன்று ஆண்டாக இருந்த காலம் போய், 2020-21 முதல் இரண்டு ஆண்டுதான். பிளஸ் டூவிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும்.

நுழைவுத் தேர்வே எழுதவில்லை. இனி வழி இல்லையா?

தாராளமாக இருக்கிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் பெரும்பாலும் இளநிலை மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறார்கள். அரசுக் கல்லூரிகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். 69 சதவீத இடஒதுக்கீடு முதுநிலைச் சேர்க்கைக்கும் பொருந்தும். மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளில் சில தாமாக ஒரு சிறு தேர்வு வைக்கின்றன, சில மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. இரண்டுக்குமே அறிவிப்பு மே வாக்கில் வரும். அரசுக் கல்லூரி என்றால் தரம் குறைவு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தகுதியும் அனுபவமும் உள்ள ஆசிரியர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

கல்லூரியா, பல்கலைக்கழகத் துறையா? எதை வைத்து முடிவு செய்வது?

கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள், துறையைப் பாருங்கள். இளநிலையில் கல்லூரியின் பெயர் ஓரளவு உதவியிருக்கலாம். முதுநிலையில் நீங்கள் இரண்டு ஆண்டுகளைக் கழிக்கப்போவது ஏழெட்டு ஆசிரியர்களோடும் ஓர் ஆய்வகத்தோடும் ஒரு நூலகத்தோடும்தான்.

தமிழ்நாட்டிலேயே எத்தனை துறைகள் இருக்கின்றன! கடல் உயிரியல் படிக்க விரும்புகிறவருக்குப் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்துவாரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயராய்வு மையம் இருக்கிறது. மொழியியலுக்கும் அதே பல்கலைக்கழகம் பேர்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் தொடங்கிய இயற்பியல் துறையில்தான் கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருள் அமைப்பு கண்டறியப்பட்டது. அதன் வழிவந்த படிகவியல், உயிர் இயற்பியல் துறை இன்றும் கிண்டி வளாகத்தில் இயங்குகிறது. கணிதத்துக்குச் சேப்பாக்கத்தில் ராமானுஜன் உயர்கணித நிறுவனம், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம். பின்னதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. கடினமானது, ஆனால் கணிதத்தை உண்மையாக நேசிக்கும் பிள்ளை ஒருமுறையாவது எழுதிப் பார்க்க வேண்டியது. கல்வெட்டும் சுவடியும் ஈர்க்கிறதென்றால் 1981இல் தொடங்கிய தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம். இவற்றில் பல இடங்களுக்கு நல்ல மாணவர்கள் வராததற்கு ஒரே காரணம், அவற்றைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லாததுதான்.

முடிந்தால் விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். துறை நூலகத்தில் முன்னாள் மாணவர்களின் ஆய்வேடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். கறுப்பு அல்லது நீல அட்டை, முதுகில் பொன்னெழுத்தில் பெயரும் ஆண்டும். கடைசி மூன்று ஆண்டுகளின் தலைப்புகளைப் படித்துப் பாருங்கள். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ‘வாடிக்கையாளர் மனநிறைவு பற்றிய ஓர் ஆய்வு’ என்று பத்து ஏடுகள் வரிசையாக இருந்தால், அங்கே ஆய்வு பெயருக்கு நடக்கிறது என்று பொருள். ஒன்றுக்கொன்று மாறுபட்ட தலைப்புகள், உள்ளே மாணவர் தாமே திரட்டிய தரவுகள், மேற்கோள் பட்டியலில் அண்மைக் கட்டுரைகள் இருந்தால் அங்கே ஓர் ஆசிரியராவது உட்கார்ந்து திருத்துகிறார். அறிவியல் துறையென்றால் ஆய்வகத்தில் கருவி இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மாணவர்கள் அதைத் தாமே இயக்குகிறார்களா, மாதிரியை வெளியே அனுப்பிக் காசு கொடுத்து முடிவு வாங்குகிறார்களா என்று இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே கேளுங்கள். உண்மை தெரிந்துவிடும்.

நாக் ஏ பிளஸ் பிளஸ் என்று விளம்பரம் செய்கிறார்களே?

நாக் என்பது கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மதிப்பிடும் தேசிய அமைப்பு. அந்தத் தரம் நிறுவனம் முழுவதற்கும் கொடுப்பது. நீங்கள் சேரும் துறை எப்படி என்பதை அது சொல்லாது.

இளநிலையில் ஒரு பாடம், முதுநிலையில் வேறு பாடம் எடுக்கலாமா?

எடுக்கலாம். எம்.பி.ஏ., சமூகப் பணி, இதழியல், பொது நிர்வாகம் போன்றவற்றுக்கு எந்தப் பட்டமும் போதும். பல பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. தமிழ், வரலாறு ஆகியவற்றுக்கும் அப்படியே. கணிதம் முடித்தவர் புள்ளியியலுக்கோ தரவு அறிவியலுக்கோ போவதும், வணிகவியல் முடித்தவர் பொருளாதாரத்துக்குப் போவதும் இயல்பானது.

ஆனால் ஆசிரியர் பணியை நினைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். அரசு மேல்நிலைப் பள்ளி முதுநிலை ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு எழுத, இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் அல்லது அரசு இணையென்று ஏற்ற பாடத்தில் இருக்க வேண்டும். கூடவே பி.எட். வேண்டும். பி.எஸ்சி. கணிதமும் எம்.ஏ. ஆங்கிலமும் முடித்து, பி.எட்.டையும் முடித்த பிறகு, விண்ணப்பிக்கும் நாளில்தான் தகுதியில்லை என்று தெரிந்துகொண்டு கலங்கி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் மாறிய நவீனப் படிப்புகளுக்கும் இதே ஆபத்து உண்டு. பயன்பாட்டு, தொழில்முறை என்ற முன்னொட்டோடு வரும் பட்டங்களுக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் ஏற்காதீர்கள், அரசாணையின் நகலைக் கேளுங்கள்.

அரியர் இருக்கிறது. சேர முடியுமா?

அரியர் நிலுவையில் இருக்கும்போது முதுநிலையில் சேர இயலாது. இறுதிப் பருவ முடிவு மட்டும் வரவில்லையென்றால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள். முடிவு வந்து அதில் தவறியிருந்தால் சேர்க்கை ரத்தாகும். அரியரை முடிக்க ஓராண்டு போனால் போகட்டும். அந்த ஆண்டில் ஒரு நுழைவுத் தேர்வுக்கும் சேர்த்துப் படியுங்கள்.

மதிப்பெண் குறைவாக இருக்கிறது என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. இளநிலையில் வாங்கியதை இனி மாற்ற முடியாது, ஆனால் முதுநிலையில் 55 சதவீதம் என்ற எண்ணை முதல் நாளிலிருந்தே மனத்தில் வையுங்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் முனைவர் பட்டமும் அந்த எண்ணைத்தான் கேட்கின்றன. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50.

செலவு எவ்வளவு ஆகும்? உதவித்தொகை உண்டா?

அரசுக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயோடு முடியும். அரசு உதவிபெறும் கல்லூரியில் உதவிபெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு இருக்கும். ஒரே வகுப்பறைக் கட்டடம், ஒரே பாடத்திட்டம், கட்டணம் மட்டும் பல மடங்கு. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறிக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு மாநில அரசின் தனித் திட்டங்களும் நல விடுதிகளும் இருக்கின்றன. விடுதி இடம் வேண்டுமென்றால் சேர்க்கை முடிந்த வாரமே மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் முதுநிலைக் கல்விக்கான தேசிய உதவித்தொகை பற்றி வியக்கத்தக்க அளவில் யாருக்கும் தெரிவதில்லை. நாடு முழுவதும் 10,000 பேருக்கு, மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம். முழுநேரமாக முதலாண்டில் சேர்ந்தவர்கள் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். தெரிவு இளநிலை மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. பி.எஸ்சி.யில் 85, 90 வாங்கிய கிராமத்துப் பிள்ளை இதற்கு விண்ணப்பிக்காமல் விட்டால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

புதுமைப் பெண், முதல் பட்டதாரிச் சலுகை முதுநிலையிலும் தொடருமா?

தொடராது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இளநிலைப் படிப்போடு நின்றுவிடும். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை இளநிலைத் தொழிற்கல்விக்கு உரியது. இவை வரும் என்று கணக்குப் போட்டுச் சேராதீர்கள்.

கல்விக் கடன் வாங்கலாமா?

கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கிகள் கொடுக்கின்றன. படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டு எம்.ஏ., எம்.எஸ்சி.க்குப் பெரிய கடன் வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அதே படிப்பு அரசு நிறுவனத்தில் சொற்பக் கட்டணத்தில் கிடைக்கும்போது ஏன் வாங்க வேண்டும்?

வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் படித்தால் மதிப்பு உண்டா?

யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதித்த பல்கலைக்கழகம், அனுமதித்த படிப்பு என்றால் அது நேரடிப் பட்டத்துக்கு இணையானது. அனுமதி ஆண்டுதோறும் மாறுவதால், சேரும் பருவத்துக்கு உரிய பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்; தெருமுனைப் படிப்பு மையத்தின் சொல்லை நம்பாதீர்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நம்மவர்கள் அதிகம் சேரும் இடங்கள். உளவியல் படிப்பைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்த 2025 ஜூலைச் சேர்க்கையிலிருந்து யூ.ஜி.சி. தடை விதித்திருக்கிறது. இன்னும் சிலர் அதற்குச் சேர்க்கை நடத்துவதாகச் சொன்னால் விலகிவிடுங்கள்.

இன்னொன்று. இளநிலைப் பட்டமே இல்லாமல் நேரடியாக முதுநிலை தருகிறோம் என்று ஒரு காலத்தில் திறந்தநிலை வழியில் பட்டங்கள் கொடுத்தார்கள். அடிப்படைப் பட்டம் இல்லாத முதுநிலை செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, இளநிலை, முதுநிலை என்ற வரிசை குலையாமல் இருப்பது அரசுப் பணிக்கு அவசியம்.

ஒரே நேரத்தில் இரண்டு முதுநிலை படிக்கலாமா?

2022 முதல் யூ.ஜி.சி. அனுமதிக்கிறது. இரண்டும் நேரடி வகுப்பென்றால் நேரம் மோதக்கூடாது. ஒன்று நேரடி, மற்றொன்று தொலைநிலையாகவும் இருக்கலாம். அனுமதி இருப்பதால் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒரு பாடத்தை ஒழுங்காகப் படிக்கவே இரண்டு ஆண்டுகள் போதாமல்தான் இருக்கின்றன.

முதுநிலை இனி ஓராண்டுதானாமே?

நான்காண்டு ஹானர்ஸ் இளநிலை முடித்தவர்களுக்கு ஓராண்டு முதுநிலை என்று யூ.ஜி.சி. 2024இல் வெளியிட்ட கட்டமைப்பு சொல்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் இளநிலை மூன்று ஆண்டுதான். அவர்களுக்கு வழக்கம்போல இரண்டு ஆண்டு.

முதுநிலைக்குப் பிறகு எம்.ஃபில். செய்யலாமா? கல்லூரி ஆசிரியராக என்ன வேண்டும்?

எம்.ஃபில். இனி இல்லை. அது அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்ல என்று யூ.ஜி.சி. 2023 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இன்னும் யாராவது சேரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலையில் 55 சதவீதமும், நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியும் அடிப்படைத் தகுதி. நெட் ஆண்டுக்கு இருமுறை நடக்கும். முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் உங்கள் பாடத்தில் 100 கேள்விகள், மொத்தம் மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழியாது. அதில் உயர் மதிப்பெண் பெறுகிறவர்களுக்கு இளநிலை ஆய்வு நிதிநல்கை கிடைக்கும்: மாதம் 37,000 ரூபாய். அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தனியாக இருக்கிறது. இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே எழுதலாம், எழுதுங்கள். மூன்றாம் பருவத்தில் பாடம் சூடாக மனத்தில் இருக்கும்போது படிப்பது, எல்லாம் முடித்துவிட்டு வேலை தேடும் பதற்றத்தில் படிப்பதைவிட எவ்வளவோ எளிது.

சம்பளத்தையும் கேட்கிறார்கள். அரசுப் பள்ளி முதுநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 36,900 ரூபாய், அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு 57,700; படிகள் தனி. ஆனால் இந்தப் பணியிடங்களுக்கான அறிவிப்புகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகின்றன. இடைக்காலத்தில் தனியார் கல்லூரியிலோ கௌரவ விரிவுரையாளராகவோ மிகக் குறைந்த ஊதியத்தில் வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் தெரிந்தே வாருங்கள்.

தமிழ் வழியில் முதுநிலை படித்தால் பயன் உண்டா?

மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010 முதல் சட்டமாக இருக்கிறது. பள்ளி தொடங்கி, அந்தப் பணிக்கு உரிய கல்வித் தகுதி வரை அனைத்தையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஒன்று ஆங்கில வழியானால் உரிமை போய்விடும். முதுநிலை ஆசிரியர் பணிக்கு இந்த ஒதுக்கீட்டைக் கோர முதுநிலையும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். படித்த இடம் ஒவ்வொன்றிலும் தமிழ் வழிச் சான்றை வெளியேறும்போதே வாங்கிவிடுங்கள்.

மகளுக்கு வரன் வருகிறது. எம்.எஸ்சி.யை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. அப்புறம் என்பது பெரும்பாலும் வருவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு படிக்க வைக்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனத்தோடே சொல்லியிருக்கலாம். குழந்தை, ஊர் மாற்றம், மாமியார் உடல்நிலை என்று ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. இரண்டே ஆண்டுகள். அதை முடித்துவிட்டு வரன் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். தூரம்தான் கவலையென்றால் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே பெண்கள் விடுதி இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒருநாள் நீங்களே போய்க் காப்பாளரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டுக்குப் போக நம் மூன்றாண்டுப் பட்டம் போதுமா?

பிரிட்டனில் பொதுவாகப் போதும். முதுநிலை அங்கே ஓராண்டு. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்கின்றன, அதனால் இங்கே முதுநிலையை முடித்துவிட்டுப் போவோர் அதிகம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு முன் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் (blocked account) காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவானது. சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றும் வேண்டும்.

சேர்க்கை நாளில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றுகள், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகப் பட்டச் சான்று, மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறீர்கள் என்றால் இடப்பெயர்வுச் சான்று. அதைக் கல்லூரி தராது, பழைய பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி வாங்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றையும் இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். ஜூனில் கூட்டம் தாங்காது. மாற்றுச் சான்றிதழை ஒப்படைக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

ஒரு கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்த பிறகு வேறு நல்ல இடம் கிடைத்தால்?

தயங்காமல் போங்கள். கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டோம், சான்றிதழைத் தர மாட்டோம் என்று மிரட்டினால் பணியாதீர்கள். 2018இல் யூ.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பின்படி எந்தக் கல்லூரியும் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கை நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போகக் கட்டணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். அந்தப் பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பின் பதினைந்து நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதன் பிறகு ஒன்றும் இல்லை. விலகுவதை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதியிட்ட கடிதம் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையோடு ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். முத்திரை வைக்க மறுத்தால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் முதல்வருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அனுப்புங்கள். அதன் ரசீதோடு யூ.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம்.